மீட்டர்க் கண்ணாடி

கையையா பாக்குறீக? தீப்புண்ணு இல்லக்கா. தேய்ச்சுத் தேய்ச்சு வந்தது. இந்த மூணு விரல்லயும் ரேகையே போயிருச்சு. ரேசன் கடையில மிசின்ல விரல் வச்சா எடுக்க மாட்டேங்குது. "இன்னொரு தடவ வைங்கம்மா, இன்னொரு தடவ வைங்கம்மா"ன்னு அந்தப் பிள்ளை சொல்லிச் சொல்லி ஓஞ்சு போச்சு.

என்னத்தத் தேய்ச்சேன்னு சொன்னா சிரிப்பீக. பிளாஸ்டிக். கார்ல ஸ்டேரிங்குக்கு முன்னாடி முள்ளு ஆடுமே, எம்புட்டு வேகத்துல போறோம், டீசல் எம்புட்டுக் கெடக்குன்னு காட்டுமே, அதுக்கு மேல ஒரு மூடி இருக்கும். பாத்தா கண்ணாடி மாதிரி இருக்கும். எல்லாரும் மீட்டர்க் கண்ணாடின்னுதான் சொல்லுவாக. ஆனா கண்ணாடி இல்ல, பிளாஸ்டிக். அது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் இன்னைக்கு இந்தக் கண்ணாஸ்பத்திரியில வந்து உக்காந்திருக்க மாட்டேன்.

கொஞ்சம் மெதுவாப் பேசுவோம். அந்தா, மூணாவது வரிசையில, கட்டம் போட்ட சட்டை, கண்ணை மூடி உக்காந்திருக்காகள்ல, அவுகதான் எங்க வீட்டுக்காரக. சுப்புக்காளைன்னு பேரு. சொட்டு மருந்து விட்டிருக்காக, இன்னும் அரை மணி நேரம் ஆகும்னு சொல்லியிருக்காக. காது ரொம்பக் கூர்மை அவுகளுக்கு.

உங்க மாமியாருக்குப் புரைதானே? அதுக்குக் கவலைப்படாதீக. அதை எடுத்துட்டு வேற வச்சிருவாக. எடுத்துட்டு வேற வைக்கிற மாதிரி இருந்தா என்ன கவலை.

எங்களுக்குச் சாத்தூர். அவுக இருபத்தாறு வருசமா டிரைவர். அதுல பதினோரு வருசமாச் சொந்த வண்டி. வெள்ளைக் கார், மஞ்சள் போர்டு. ஒரு கோழியக் கூட அடிச்சதில்ல. சாத்தூர்ல யாரை வேணும்னாலும் கேளுங்க. கல்யாணப் பொண்ணைக் கூட்டிட்டுப் போகணும்னாலும் சரி, வலி வந்த பிள்ளையைக் கூட்டிட்டுப் போகணும்னாலும் சரி, சுப்புக்காளை வண்டியக் கூப்பிடுன்னுதான் சொல்லுவாக. சக்கரை இருக்கு. யாருக்கு இல்ல? மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் இருந்தாக.

எல்லாம் போன ஆயுத பூஜையில ஆரம்பிச்சது. நான்தான் ஆரம்பிச்சு வச்சேன்.

அவுக வெளிய டயரு, பானட்டுன்னு கழுவிக்கிட்டு இருந்தாக. உள்ள தொடைக்கிறது நானு. வருசா வருசம் அப்படித்தான். அந்த மீட்டர்க் கண்ணாடி மேல போன வருசம் வச்ச சந்தனப் பொட்டு காஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஈரத்துணி வச்சுத் தொடைச்சேன், போகல. நான் அப்பத்தான் குத்துவெளக்கு தேய்ச்சிட்டு வந்திருந்தேன். கையில பாத்திரம் தேய்க்கிற பவுடரு, பச்சை நாரு. சரின்னு அதை வச்சு ஒரு இழுப்பு இழுத்தேன். சந்தனம் போயிருச்சு. அடடா, பளிச்சுன்னு ஆயிருச்சேன்னு கண்ணாடி முழுக்கத் தேய்ச்சேன். பக்கத்துல குட்டியா மணி பாக்குற கடிகாரம் இருக்கும், அது மூடியையும் சேத்துத் தேய்ச்சேன். ஈரமா இருக்கும்போது தெரியல. காஞ்ச பெறகு பாத்தா, ஐயோ, வெள்ளை வெள்ளையா வட்டம் வட்டமாக் கீறல். மூடு பனி எறங்கின மாதிரி ஆயிருச்சு. உள்ள முள்ளு எங்க இருக்குன்னே தெரியல.

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. போயி சொன்னேன், "என்னங்க, மீட்டர்க் கண்ணாடி மங்கிப் போச்சுங்க, நான்தான் தேய்ச்சிட்டேன்"னு. அவுக வந்து உள்ள உக்காந்தாக. பாத்தாக. பெறகு விரலால அந்தப் பிளாஸ்டிக்கைத் தடவித் தடவிப் பாத்தாக. தடவிப் பாத்துட்டுத்தான் அக்கா கோவமே வந்துச்சு. "ஏண்டி, அறிவிருக்கா உனக்கு? மீட்டரே தெரியல. நான் எப்படி வண்டி ஓட்டுறது?"ன்னு தெருவே கேக்குற மாதிரி சத்தம். இருபத்தாறு வருசத்துல அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்ல.

அன்னையில இருந்து எதுக்கெடுத்தாலும் அந்தக் கண்ணாடிதான். வண்டியப் பின்னால எடுக்கும்போது எங்க வீட்டுச் சுவத்துல இடிச்சிட்டாக. "அந்தக் கண்ணாடி கண்ணைக் கூசுது, அதான்"னாக. சாயங்காலச் சவாரி வேண்டாம்னாக. "மங்கின மீட்டரை வச்சுக்கிட்டு இருட்டுல எப்படிப் போறது"ன்னாக. திருச்செந்தூர் சவாரி ஒண்ணு, வருசா வருசம் போற குடும்பம், முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டாக. எல்லாம் நான் பண்ணின வேலை. நான் ஒரு பொட்டைச் சுரண்டப் போயி ஒரு மனுசன் பொழைப்பையே சுரண்டிட்டேன்.

புதுசு வாங்கிப் போட வேண்டியதுதானேன்னு நீங்க நினைப்பீக. பழைய வண்டி அக்கா, அந்த மாடலே இப்ப வர்றதில்ல. மதுரையில பழைய சாமான் கடையெல்லாம் சொல்லி வச்சோம், கிடைக்கல.

அதனால நான் தேய்ச்சேன்.

முதல்ல தேங்காண்ணெய் தடவினேன். தடவின உடனே தெளிஞ்சிருச்சு! ஓடிப்போய்க் கூப்பிட்டேன். அவுக வர்றதுக்குள்ள தூசியெல்லாம் வந்து ஒட்டிக்கிருச்சு. பெறகு என் மக போன்ல சொன்னா. திருமங்கலத்துல கட்டிக் குடுத்திருக்கு. "அம்மா, பல்லு வெளக்குற பேஸ்ட்டைப் பஞ்சுத் துணியில வச்சு வட்டமாத் தேய்ங்கம்மா, வெள்ளைப் பேஸ்ட்டுதான், ஜெல்லு வேண்டாம்"னு. தேய்ச்சேன். தினமும் காலையில வாசல் தெளிச்ச உடனே அதுதான் வேலை. முன்கதவத் தெறந்து முட்டிபோட்டு உக்காந்து தேய்ப்பேன். சின்னச் சின்னக் கீறல் போச்சு. பெரிய கீறல் போகல. அவுக உக்காந்து பாப்பாக. "அப்படியேதான் இருக்கு"ம்பாக.

ஒரு ஆளு மண்ணெண்ணெய் போடுன்னான், ஒரு ஆளு தின்னர் போடுன்னான். நல்லவேளை, போடல. பட்டறையில பெயிண்ட் அடிக்கிற மைதீன் பாய்தான் தடுத்தாரு. "தின்னர் பட்டா பிளாஸ்டிக் வெடிச்சிரும்மா, அப்புறம் ஆண்டவன் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது"ன்னாரு. அவருதான் மொறையாச் சொல்லிக் குடுத்தாரு. கழட்டணும். கழட்டிச் சோப்புத் தண்ணியில கழுவணும். ஒரு மண்ணு கூட இருக்கக்கூடாது, இருந்தா அதுவே கீறும். பெறகு வாட்டர் பேப்பர், ரெண்டாயிரம் நம்பரு. தொட்டா துணி மாதிரி இருக்கும், ஆனா உப்புத்தாளுதான். தண்ணியில ஊறவச்சு, ஒரே பக்கமாத் தேய்க்கணும். அப்புறம் மூவாயிரம் நம்பரு, குறுக்கால தேய்க்கணும். அப்புறம் காம்பவுண்டு, அந்தப் பசை மாதிரி இருக்குமே, அதை வச்சுத் துணியால வட்டமா. அழுத்தக்கூடாது. அழுத்தினா சூடாகி நெளிஞ்சிரும். "பொறுமைம்மா, பிள்ளைக்குத் தலை தேய்க்கிற மாதிரி"ன்னாரு.

அக்கா, அந்த ரெண்டாயிரம் பேப்பரைப் போட்டதும் என்னாச்சு தெரியுமா? பால் மாதிரி ஆயிருச்சு. முழுக்க வெள்ளை. இருந்த கொஞ்ச நஞ்சமும் போயிருச்சு. நான் அங்கேயே குத்தவச்சு அழுதேன். பட்டறையில அம்புட்டு ஆம்பளைக நிக்கிறாக, எனக்கு வெக்கமே இல்ல. பாய் சொன்னாரு, "அழாதீங்கம்மா, இப்படித்தான் ஆகும், மேல இருக்கிறதை எடுத்தாத்தான் அடியில இருக்கிறது வரும்"னு. காம்பவுண்டு வச்சுத் தேய்க்கத் தேய்க்க, ஒரு ஓரத்துல கொஞ்சமாத் தெளிஞ்சுச்சு. அப்படியே பரவிச்சு. ரெண்டு மணி நேரம். கடைசியில தண்ணி விட்டுக் கழுவி வெயில்ல தூக்கிப் பிடிச்சேன். அந்தப் பக்கம் நின்ன பாயோட தாடியில இருந்த நரை முடிய எண்ணலாம் போல இருந்துச்சு. அப்படி ஒரு தெளிவு.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். நானே மாட்டினேன், நாலு திருகாணி, ரெண்டு கிளிப்பு. வண்டிக்குச் சூடம் காட்டினேன். "வாங்க, வந்து பாருங்க"ன்னு கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்.

உக்காந்தாக. பாத்தாக. "இன்னும் மங்கலாத்தான் இருக்கு மாரிக்கனி"ன்னாக.

சத்தம் போடல. மெதுவாச் சொன்னாக. சத்தம் போட்டிருந்தாக் கூடத் தாங்கியிருப்பேன்.

அதுக்கப்புறம் கறுப்புப் புள்ளி வந்துச்சு. "கண்ணாடியில கறுப்பாப் புள்ளி புள்ளியா இருக்கு, அதைத் தொடை"ம்பாக. நான் பாத்தா ஒண்ணும் தெரியாது. "எந்தப் பக்கம்ங்க?" "வலது பக்கம்." மறுநாள் கேட்டா "நடுவுல இருக்கு"ம்பாக. இன்னொரு நாள், "நூல் மாதிரி தொங்குது, ஆடுது"ன்னாக. எனக்கு ஒரு யோசனை. எறும்பு உள்ள போயிருச்சு. அதான் நகருது. அன்னைக்கே கழட்டினேன். சர்க்கரைத் தண்ணி ஒரு மூடியில வச்சேன், எறும்பு வெளிய வரட்டும்னு. ஒண்ணும் வரல. முள்ளு, நம்பரு எழுதின தட்டு, எல்லாத்தையும் பஞ்சு வச்சுத் தொடைச்சேன். மாட்டினேன். மறுநாள் மறுபடியும் புள்ளி.

பத்து தடவை கழட்டியிருப்பேன் அக்கா. திருகாணி மரையே தேஞ்சு போச்சு.

திரும்பவும் மைதீன் பாய்கிட்டப் போனேன். அவரு அதை வாங்கி இப்படித் திருப்பி, அப்படித் திருப்பிப் பாத்தாரு. "இதுல இனிமே எடுக்க ஒண்ணும் இல்லம்மா. புதுசு கூட இப்படி இருக்காது. இதுக்கு மேல தேய்ச்சா ஓட்டை விழும். யாருக்கும்மா தெரியலைங்குது?"ன்னாரு. "எங்க வீட்டுக்காரகளுக்கு"ன்னேன். அவரு என்னையே பாத்தாரு. "சுப்புக்காளை அண்ணனை ஒரு நாள் வரச் சொல்லுங்க"ன்னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். தொழில் தெரியாதவன் பேசுற பேச்சு அது. பெயிண்ட் அடிக்கிறவனுக்குப் பிளாஸ்டிக் பத்தி என்ன தெரியும்? வாங்கிட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பட்டறைப் பக்கமே போகல.

எஸ்தர் டீச்சரைப் பத்திச் சொல்லணும். எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரா இருந்தவுக. என் மகளுக்கும் அவுகதான் டீச்சர். ரெண்டு சிறுநீரகமும் போயிருச்சு. வாரத்துக்கு ரெண்டு நாள் மதுரைக்கு வந்து ரத்தம் சுத்தம் பண்ணணும். செவ்வாய், வெள்ளி. மூணு வருசமா எங்க வண்டிதான். மகன் வெளியூர்ல. "சுப்புக்காளை இருக்கிறதாலதான் நான் உசுரோட இருக்கேன்"னு டீச்சர் எல்லார்கிட்டயும் சொல்லுவாக.

பொங்கலுக்கு அப்புறம் ஒரு நாள், எங்க வீட்டுக்காரக தண்ணி குடிக்க உள்ள போன நேரம், டீச்சர் வண்டியில இருந்தே என்னைக் கூப்பிட்டாக. "மாரிக்கனி, நான் பையைக் குடுத்தா உன் வீட்டுக்காரர் கை வேற பக்கம் போகுது. அவரு கண்ணை டெஸ்ட் பண்ணினியா?"ன்னாக.

"கண்ணுக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். மீட்டர்க் கண்ணாடி மங்கிப் போச்சு, நான்தான் கெடுத்துட்டேன். அதைப் பாத்துப் பாத்துக் கண்ணு கூசுது அவுகளுக்கு"ன்னேன்.

டீச்சர் பின் சீட்டுல உக்காந்திருந்தாக. அங்க இருந்தே எட்டிப் பாத்தாக. "எனக்கு இங்க இருந்தே முள்ளு தெரியுதே, மாரிக்கனி."

"உங்களுக்குத் தூரப்பார்வை நல்லா இருக்கு டீச்சர்"ன்னேன்.

வகுப்புல தப்பா விடை சொன்ன பிள்ளையைப் பாக்குற மாதிரி பாத்துட்டு விட்டுட்டாக.

அந்த வாரத்துல இருந்துதான் நானும் கூடப் போக ஆரம்பிச்சேன். டீச்சருக்குத் துணையா இருக்கட்டுமேன்னு. முன் சீட்டுல உக்காந்துக்குவேன். பேசிக்கிட்டே போவோம். "முன்னால லாரி போகுதுங்க", "இடது பக்கம் ஆடு நிக்குதுங்க", "பாலத்துக்கிட்ட ஒருத்தி குறுக்க வர்றா பாருங்க"ன்னு ஏதாச்சும் சொல்லிக்கிட்டே வருவேன். சும்மா பேச்சுத் துணைதான். மதுரை வந்து சேர்றதுக்குள்ள எனக்குத் தொண்டை வத்திப் போகும். அவுக ஒரு நாள் கூட, "ஏண்டி தொணதொணன்னு பேசுற"ன்னு சொன்னதில்ல. முந்தியெல்லாம் வண்டி ஓட்டும்போது வாயத் தெறந்தாலே புடிக்காது அவுகளுக்கு.

செவ்வாயும் வெள்ளியும் போவேன். மத்த நாளெல்லாம் தேய்ப்பேன். அப்படியே ரெண்டு மாசம் ஓடிச்சு. டீச்சர் உசுரோட இருந்தாக, வண்டி ஓடிச்சு, எங்க பொழைப்பும் நடந்துச்சு. ஒரு குறையும் இல்ல.

பங்குனி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, கோவில்பட்டியில என் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. நான் போகாம இருக்க முடியாது. அவுககிட்டச் சொன்னேன், "இன்னைக்கு ஒரு நாள் வேற வண்டி பாத்து விடுவோமா டீச்சருக்கு?"ன்னு. "ஏன்?"ன்னாக. நான் என்ன சொல்லுறது? "ஒண்ணும் இல்ல, கண்ணாடி மங்கலா இருக்கேன்னுதான்"ன்னேன். "எனக்குத் தெரியாத ரோடா?"ன்னாக. அதுவும் சரிதான். இருபத்தாறு வருசமாப் போற ரோடு. அன்னைக்குக் காலையில வழக்கத்தை விடக் கூடக் கொஞ்சம் அழுத்தித் தேய்ச்சிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போன் வந்துச்சு.

திரும்பி வரும்போது, விருதுநகர் தாண்டி ரோட்டு வேலை நடந்திருக்கு. முந்தின வாரம் இல்லாத வேலை. சிவப்பும் வெள்ளையுமா டிரம் வச்சு மறிச்சிருந்தாகளாம். அதை இடிச்சுத் தள்ளிட்டு, பக்கத்துல கொட்டியிருந்த ஜல்லி மேல ஏறி, கல்லுல மோதி நின்னிருக்கு. இவுகளுக்கு நெத்தியில காயம், அம்புட்டுத்தான். டீச்சருக்கு இடது கை ரெண்டா ஒடிஞ்சு போச்சு.

கைதானே ஒடிஞ்சுச்சு, சேந்துரும்னு நீங்க நினைப்பீக. அப்படி இல்லக்கா. ரத்தம் சுத்தம் பண்ணுறதுக்குன்னு அந்தக் கையிலதான் நரம்பை ஆபரேசன் பண்ணி வச்சிருப்பாக. அது வழியாத்தான் ஊசி போட முடியும். அந்த நரம்பு போச்சு. இப்பக் கழுத்துல குழாய் சொருகி வச்சிருக்காக. சீழ் புடிச்சிரக் கூடாதுன்னு டீச்சர் குளிக்கிறதில்ல, படுத்தா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்புறதில்ல.

டீச்சர் மகன் வந்து கேஸ் குடுத்துட்டாரு. அவர் மேல எனக்கு வருத்தம் இல்ல. நானா இருந்தாலும் குடுப்பேன்.

வண்டியைப் போலீஸ் ஸ்டேசன்ல நிறுத்தி வச்சிருந்தாக. ஆர்சி புக்கு, இன்சூரன்ஸ் எல்லாம் உள்ள இருக்கு, எடுத்துட்டு வாங்கம்மான்னு எழுத்தர் சொன்னாரு. போனேன். முன்பக்கம் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கெடந்துச்சு. இடது பக்கக் கதவைத் தெறக்கப் பாத்தேன், தெறக்கல. அதனால டிரைவர் சீட்டுல ஏறி உக்காந்தேன். என் ஆயுசுல அன்னைக்குத்தான் அந்த சீட்டுல உக்காந்தேன். எம்புட்டு நாள் தேய்ச்சேன், முட்டிபோட்டு, குனிஞ்சு, கழட்டி மடியில வச்சு. ஒரு நாளும் அவுக எடத்துல உக்காந்து பாக்கணும்னு தோணல.

முன்னால அம்புட்டும் உடைஞ்சிருக்கு, அந்தப் பிளாஸ்டிக்ல மட்டும் ஒரு கீறல் இல்ல. சைபரு, இருபது, நாப்பது, அறுபது... நூத்தி நாப்பது வரைக்கும் ஒண்ணொண்ணாப் படிச்சேன். நடுவுல பொடியா இங்கிலீசுல எழுதியிருக்கும், அதோட எழுத்துக் கூடத் தனித்தனியாத் தெரிஞ்சுச்சு. உச்சி வெயில் நேரம். அதான் அப்படித் தெரிஞ்சிருக்கும்.

அப்புறம் டேஷ்போர்டு பெட்டியைத் தெறந்தேன். புக்கு, ரசீது, ஒரு விபூதிப் பொட்டலம். எல்லாத்துக்கும் அடியில பிளாஸ்டிக் கவர்ல மடிச்சு ஒரு சீட்டு. நான் அஞ்சாப்புதான், ஆனா தமிழ் நல்லாப் படிப்பேன். சாத்தூர்ல இலவசக் கண் முகாம் போட்டிருக்காக, அதுல குடுத்த சீட்டு. பேரு, சுப்புக்காளை. வயசு, அம்பத்தி ரெண்டு. "சர்க்கரை நோயால் இரு கண்களிலும் விழித்திரை பாதிப்பு. உடனடியாக மதுரைக்கு வரவும். வாகனம் ஓட்ட வேண்டாம்." கீழ தேதி. தை மாசம். இந்தத் தை இல்ல, போன தையும் இல்ல. அதுக்கு முந்தின தை.

நான் அந்த வண்டியிலயே உக்காந்திருந்தேன். எழுத்தர் வந்து, "என்னம்மா, கிடைச்சுதா?"ன்னாரு. கிடைச்சுதுன்னேன்.

அவுக எனக்குக் கவலை வரக்கூடாதுன்னு மறைச்சிருக்காக அக்கா. வேற என்ன? நான் ஒரு பயந்தாங்கொள்ளி. மகளுக்குத் தலைப்பிரசவம் வேற அந்த வருசம். அதெல்லாம் முடியட்டும்னு நினைச்சிருப்பாக. முடிஞ்ச பெறகு எப்படிச் சொல்லுறதுன்னு விட்டிருப்பாக. டிரைவருக்குக் கண்ணு போச்சுன்னு வெளிய தெரிஞ்சா அப்புறம் அந்த மனுசன் யாரு? அந்த நேரம் பாத்து நான் போயி, கண்ணாடி மங்கிப் போச்சுங்க, நான்தான் தேய்ச்சிட்டேன்னு நிக்கிறேன்.

மறுநாள் டீச்சரைப் பாக்கப் போனேன். மகன் உள்ள விட மாட்டேன்னுட்டாரு. டீச்சர்தான் உள்ள இருந்து, "விடுப்பா"ன்னாக. மெலிஞ்சு போய்க் கெடந்தாக. அழுதேன். டீச்சர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாக.

"உனக்குத் தெரியுமா, மாரிக்கனி?"

"தெரியாது டீச்சர். சத்தியமாத் தெரியாது. கண்ணாடிதான் மங்கலா இருந்துச்சு, அதைத்தான் நான் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன்"ன்னேன்.

திரும்பிப் படுக்க முடியாது அவுகளுக்கு, கழுத்துல குழாய் இருக்கே. அதனால கண்ணை மட்டும் மூடிக்கிட்டாக.

எனக்கு என்ன தெரியும், நீங்களே சொல்லுங்க. பொம்பளை. அடுப்படியில கெடக்குறவ. அவுக கண்ணாடிங்கிறாக, நான் கண்ணாடியப் பாக்குறேன். அவுக புள்ளிங்கிறாக, நான் புள்ளியைத் தேடுறேன். கூடப் போய் உக்காந்து லாரி, ஆடுன்னு சொல்லிக்கிட்டு வந்தேனே, அது கூடத் தெரிஞ்சா செஞ்சேன்? வாய் அப்படி. சும்மா இருக்காது. டீச்சர் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்.

ஒம்போது நாள் அந்தச் சீட்டை ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிட்டு அலைஞ்சேன். அவுககிட்டக் கேக்கல. எப்படிக் கேக்க? வீட்டுல சுவத்தோட சுவரா உக்காந்திருந்தாக. டம்ளரை வச்சா, எங்க வச்சேன்னு சத்தத்தை வச்சுத்தான் எடுப்பாக. நான் வேணும்னே கொஞ்சம் சத்தமா வைப்பேன். பெறகு ஒரு நாள் சொன்னேன், "எனக்குக் கண்ணு எரியுதுங்க, தண்ணி வடியுது. மதுரைக்குப் போகணும், துணைக்கு வாங்க"ன்னு. "சரி"ன்னாக. பஸ்ல என்னைச் சன்னல் பக்கம் உக்கார வச்சாக, கண்ணுக்குக் காத்துப் படட்டும்னு. இங்க வந்து கவுண்டர்ல பேரு கேட்டாக. "சுப்புக்காளை, வயசு அம்பத்தி நாலு"ன்னு சொன்னேன். பக்கத்துலதான் நின்னாக. என் பேரைச் சொல்லலையேன்னு கூடக் கேக்கல.

காலையில டாக்டர்கிட்டப் போனோம். சின்னப் பொண்ணுதான், என் மக வயசு இருக்கும். வெளக்கு அடிச்சு ரொம்ப நேரம் பாத்துச்சு. "எப்ப இருந்துப்பா இப்படி?"

"ஆயுத பூஜையில இருந்துதாம்மா. அதுக்கு முந்தி நல்லா இருந்துச்சு"ன்னாக.

கண்ணாடியைப் பத்தி இந்த ஆறு மாசமா என்கிட்டச் சொல்லுவாகளே, அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறல.

"இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"இல்லம்மா."

அந்தப் பொண்ணு எழுத ஆரம்பிச்சுச்சு. சொல்லாம விட்டா வைத்தியம் தப்பாப் போயிருமோன்னு பயம். சொன்னா இந்த மனுசன் எங்க கொண்டு போயி மூஞ்சியை வைப்பாகன்னு பயம். சீட்டை எடுத்து மேசை மேல மெதுவா வச்சேன். வெறும் பேப்பர் சத்தம்தான். அதுக்கே திரும்பிட்டாக.

"என்ன அது?"

"ஒண்ணும் இல்லங்க. கவுண்டர்ல குடுத்த சீட்டு"ன்னேன்.

டாக்டர் பொண்ணு அதைப் படிச்சுச்சு. தேதியைப் பாத்துச்சு. அவுகளைப் பாத்துச்சு. என்னைப் பாத்துச்சு. "ரெண்டு வருசம் முன்னாடியே..."ன்னு வாய் எடுத்துச்சு. நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து கையெடுத்துக் கும்பிட்டேன். அவுகளுக்குத் தெரியாது, அது தெரியிற கண்ணு இல்லையே. அந்தப் பொண்ணு புரிஞ்சுக்கிச்சு. நல்ல தாய் பெத்த பிள்ளை. பேச்சை மாத்தி, "வலது கண்ணுல இனிமே ஒண்ணும் செய்ய முடியாதுப்பா. இடது கண்ணுல ஊசி போட்டு, லேசர் வச்சு, இருக்கிறதைக் காப்பாத்தலாம். தெளிவா வராது. இருக்கிறது போகாம பாத்துக்கலாம். வண்டி ஓட்டுறதை மட்டும் மறந்துருங்க"ன்னுச்சு.

அவுக தலையாட்டினாக. நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டினாக.

வெளிய கூட்டிட்டு வந்து அந்தா அந்த வரிசைகிட்ட நிக்கிறோம். உக்காருங்கன்னேன். உக்காரல. நாற்காலி முதுகைப் பிடிச்சுக்கிட்டு நின்னாக. எனக்குத் தோணிச்சு, இப்பச் சொல்லப் போறாகன்னு. மாரிக்கனி, எனக்குத் தெரியும், ரெண்டு வருசமாத் தெரியும்னு. சொன்னா நான் என்ன சொல்லணும்னு கூட நினைச்சு வச்சிருந்தேன் அக்கா. பரவாயில்லங்கன்னு சொல்லியிருப்பேன். ஒம்போது நாளா அந்த ஒரு வார்த்தையைத்தான் மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

அவுக சொன்னாக, "அந்தக் கண்ணாடியை மட்டும் நீ அன்னைக்குத் தேய்க்காம இருந்திருந்தா..."

முடிக்கல. பாதியில நிறுத்திட்டு, நான் எந்தப் பக்கம் நிக்கிறேன்னு தலையை லேசாத் திருப்பிக் காத்துக்கிட்டு இருந்தாக. இருபத்தாறு வருசத்துல அந்த மனுசன் என்கிட்ட எதையும் கெஞ்சிக் கேட்டதில்ல. அன்னைக்குத்தான், அன்னைக்கு என்ன, இப்பத்தான், இந்தா ஒரு மணி நேரத்துக்கு முந்தி, என்கிட்டக் கெஞ்சினாக.

"ஆமாங்க"ன்னேன். "என் தப்புதான். நான் பாத்துத் தேய்ச்சிருக்கணும்."

அதுக்கப்புறம்தான் உக்காந்தாக.